மறுப்பே சொல்லாத எதிராளி

"உடனே ஒத்துக்கிட்டானா?"

"உடனே அண்ணே. நேத்து சாயங்காலம் அனுப்பினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலயே பதில் வந்துடுச்சு."

"என்ன பதில்?"

வக்கீல் யாமினி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். நான்கு பக்கத்துக்குச் செதுக்கிச் செதுக்கி அவள் எழுதியிருந்த கடிதத்துக்குக் கீழே எதிராளி லாசரஸின் பதில் இருந்தது. ஒரு கட்டைவிரல். மஞ்சளாக, மேல்நோக்கி.

அங்கமுத்து அதை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கட்டைவிரல் அப்படியேதான் நின்றது.

"அப்ப நான் கம்மியாக் கேட்டுட்டேன்" என்றார்.

யாமினி பாராட்டு வரும், குறைந்தது ஒரு 'சபாஷ்' வரும் என்று நினைத்திருந்தாள். ஃபேரர் பார்க் பக்கம் கடைவீட்டு மாடியில் பலகை மாட்டிப் பத்துப் பதினைந்து வருடமாகச் சொத்துத் தகராறு, குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு மூன்றையும் பார்த்துவருகிறாள். கேட்டது கிடைக்கவில்லை என்று அழுதவர்கள் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டது என்று முகம் வாடிய முதல் ஆள் இவர்தான்.

"அண்ணே, நீங்க கேட்டது முழுசும் கிடைச்சிருக்கு. கடை உங்களுக்கு. ஜூரோங் குடோன் அவருக்கு. அவ்வளவுதானே வேணும்னீங்க?"

"வேணும்னேன். அவன் கொடுப்பான்னு நான் சொன்னேனா? எவர்சில்வர் அண்டா வாங்க வர்றவன் நாம சொன்ன விலைக்கு வாயைத் திறக்காமக் காசை எடுத்து வச்சா என்னம்மா அர்த்தம்? ஒண்ணு, நாம விலையைத் தப்பாச் சொல்லிட்டோம். இல்ல, அவன் அண்டாக்குள்ள எதையோ பார்த்துட்டான்."

தேக்கா கடைத்தெருவில் வியாபாரம் பழகியவர்களின் வியாதி இது. கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர் அவர்களுக்கு மரியாதை செய்யவில்லை, ராத்திரித் தூக்கத்தைத் திருடிக்கொண்டு போகிறார். பேரம் பேசித் தொண்டை வறண்டு, 'போய்யா' என்று விரட்டி, வாசல் வரை போனவரைக் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் விற்ற மாதிரி இருக்கும்.

லாசரஸும் அதே வியாதிக்காரர்தான். இருவரும் சேர்ந்து இருபத்தாறு வருடம் நடத்திய கடை 'ஏ.எல். எவர்சில்வர் மாளிகை'. ஏ என்றால் அங்கமுத்து, எல் என்றால் லாசரஸ். போன தீபாவளிக்கு முந்தின வாரம் லாசரஸ் கடை முகப்பில் கலர்கலராகப் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கிவைத்தார். "பிள்ளைங்க இதைத்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோகுது முத்து" என்றார். "எவர்சில்வர் கடையில பிளாஸ்டிக்கா? கல்யாண வீட்டுல கருமாதிச் சாப்பாடு போடுவியா?" என்றார் அங்கமுத்து. வார்த்தை வளர்ந்தது. கடையும் குடோனும் இருவர் பெயரிலும் இருந்ததால் வளர்ந்த வார்த்தை நேராக யாமினியின் மாடிப்படி ஏறியது.

"வேனையும் கேளுங்க" என்றார் அங்கமுத்து. "கடையோட டெலிவரி வேன். அது இல்லாட்டி அவனுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. கத்துவான் பாருங்க."

யாமினி கேட்டாள்.

கட்டைவிரல் வந்தது. இந்த முறை இரண்டு.

*

மறுநாள் காலை அலுவலகக் கதவு திறப்பதற்கு முன்பே அங்கமுத்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். யாமினியின் குமாஸ்தா நூருன்னிசா சாவியோடு வந்து அவரைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

"ராத்திரி தூங்கலையா அண்ணே?"

"எப்படித் தூங்குறது? வேனையும் கொடுத்துட்டான்மா!"

"கொடுத்தா நல்லதுதானே?"

"உனக்குப் புரியாது லா. கடைக்கு அடியில ரயில் பாதை தோண்டப் போறாங்க. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் என் தலையில கட்டுறான்."

யாமினி அரை நாள் செலவழித்துத் தேடினாள். கடைக்கு அடியில் எந்த ரயிலும் வருவதாக இல்லை. "அப்ப சுவத்துல விரிசல்" என்றார் அங்கமுத்து. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடம் நம் எல்லாரையும் தாண்டி நிற்கும் என்று எழுதிக் கொடுத்தார். "அப்படின்னா உடம்பு சரியில்ல. டாக்டர் ஏதோ நாள் குறிச்சுட்டான். அதான் எல்லாத்தையும் விட்டுட்டுப் போறான்" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பக்கத்தில் கோப்பையில் இருந்த தே ஆறிப்போனது அவருக்குத் தெரியவில்லை.

யாமினி கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"லாசரஸ் அண்ணே, நான் யாமினி. உடம்பெல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கேன்மா. நீச்சல் குளத்துல இருக்கேன். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, காதுல தண்ணி."

"அண்ணே, முதல்லயும் சொன்னேன், மறுபடியும் சொல்றேன். நீங்க தனியா ஒரு வக்கீல் வச்சுக்கிறது நல்லது."

"எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே."

"நான் அவரோட வக்கீல்!"

"பரவாயில்லம்மா. நல்லாத்தான் எழுதுறீங்க."

இங்கேதான் யாமினிக்கும் அந்த வியாதி தொற்றியது. அவளுக்குப் பேரம் தெரியாது, ஆனால் காரணம் தெரியாத விஷயம் என்றால் உள்ளங்கால் அரிக்கும். கணவனைப் பிரிய வந்த பெண்ணிடம் ஜீவனாம்சத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் 'அந்த மீன் குழம்புச் சண்டை எப்படி ஆரம்பிச்சது?' என்று கேட்டுவிடுகிறவள் அவள். ஒரு மனிதர் இருபத்தாறு வருட உழைப்பை நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டே விட்டுக்கொடுக்கிறார் என்றால், ஏன்?

வெளியே வந்தபோது அங்கமுத்துவுக்குப் புது யோசனை உதித்திருந்தது.

"மாத்திப் போடுங்க. கடையை அவன் எடுத்துக்கட்டும். எனக்குக் குடோன் போதும். இப்பத் தெரிஞ்சிடும் அவன் கண்ணு எதுல இருக்குன்னு."

"அண்ணே, அவர் சரின்னுட்டா கடை போயிடும்!"

"சொல்ல மாட்டான். சொன்னா கடையில ஏதோ இருக்குன்னு அர்த்தம். மறுத்தா குடோன்ல ஏதோ இருக்குன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ணு மாட்டும்."

யாமினி எழுதினாள். பதில் வந்தது. கட்டைவிரல், பக்கத்தில் மூன்று சொல்: 'உங்க இஷ்டம்மா, ஓகே.'

அங்கமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெண்டுலயும் ஏதோ இருக்கு" என்றார்.

*

சமரசக் கூட்டத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். போனால் கடைக் கதவில் பூட்டுத் தொங்கும். வழக்கு முடியும்போது இருவருக்கும் பாத்திரம் தூக்கும் தெம்பு இருக்காது. அதைவிட மோசம், அங்கமுத்துவின் பார்வை இப்போதெல்லாம் யாமினி மேலேயே நிற்க ஆரம்பித்திருந்தது.

"ஏம்மா, நீங்க கேட்கிறதுக்கெல்லாம் அவன் தலையாட்டுறானே, உங்களுக்கும் அவனுக்கும் முன்னப்பின்ன பழக்கமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் தேக்கா சந்தில் அப்படி ஒரு சிரிப்புப் பரவினால் போதும். 'எதிராளியோடு சேர்ந்துக்கிற வக்கீல்' என்ற பெயர் வந்துவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு ஊறுகாய் விற்கலாம்.

"அக்கா, இவருக்கு வேண்டியது கடை இல்ல" என்றாள் நூருன்னிசா. "ஒரு சண்டை. அவர் கொஞ்சம் முறுக்கிக்கிட்டா இவர் இன்னிக்கே கையெழுத்துப் போடுவார்."

அது யாமினியின் மனதில் விழுந்து முளைத்தது. ராத்திரியெல்லாம் யோசித்தாள். எதிராளியை மிரட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏமாற்றக் கூடாது என்று இருக்கிறது. தயவுசெய்து கொஞ்சம் எதிர்த்து நில்லுங்கள் என்று கெஞ்சக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

சனிக்கிழமை புக்கிட் பாத்தோக்குக்கு ரயில் ஏறினாள்.

கதவைத் திறந்தது லாசரஸின் மகள் ஜெனிவீவ். மருத்துவமனையில் தாதி. வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். "ஹாய் ஆண்ட்டி! எல்லா பேப்பரும் சைன் ஆயிடுச்சா?" என்று வாசலிலேயே கேட்டாள். அப்பா வீட்டிலேயே கிடப்பது பிள்ளைக்கு எவ்வளவு தொந்தரவோ என்று யாமினி நினைத்துக்கொண்டாள். தப்பில்லை. சமையலறையில் லாசரஸ் எல்லாப் பாத்திரத்தையும் கடையில் அடுக்குவதுபோல் அளவு வாரியாக அடுக்கிவைத்திருந்தார். அவர் மனைவி மதலேனா ஒரு கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கொஞ்சம் மறுக்கணும் அண்ணே" என்றாள் யாமினி.

"எதை?"

"எதை வேணும்னாலும். அவர் கேட்டதை அப்படியே கொடுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் 'முடியாது'ன்னு சொல்லுங்க. சின்னதாப் போதும்."

"நானா? முத்துகிட்டயா? வேணாம்மா. அவனுக்கு எல்லாம் கிடைக்கட்டும். சந்தோஷமா இருக்கட்டும்."

"அவர் சந்தோஷமா இல்லையே! ராத்திரி தூங்க மாட்டேங்கிறார்."

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். மதலேனா கரண்டி கிடைக்காத கோபத்திலேயே சொன்னாள்: "எதையாவது கேட்டுத் தொலைங்க. காரியம் கெடாமக் கேளுங்க."

'எந்தக் காரியம்?' என்று யாமினியின் உள்ளங்கால் அரித்தது. கேட்பதற்குள் லாசரஸ் நாற்காலியில் சாய்ந்து யோசனையோடு மேலே பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன்" என்றார். "கடையில பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு இருக்கு. அதைக் கொடுக்க மாட்டேன்னு எழுதிக்குங்க."

*

யாமினி செய்தியைச் சொன்னபோது அங்கமுத்துவின் முகத்தில் அத்தனை நாளில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"மறுத்துட்டானா?"

"கடுமையா மறுத்துட்டார் அண்ணே. ஃபேனைத் தொடக்கூடாதுங்கிறார்."

"ஹா!" தொடையில் தட்டினார். யாமினியும் மனதுக்குள் தொடையில் தட்டிக்கொண்டாள். பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அங்கமுத்து பேனாவை எடுக்கவில்லை. வெளிச்சம் மெல்ல அணைந்து கண்கள் இடுங்கின.

"கடையை விடுறான். குடோனை விடுறான். வேனை விடுறான். ஓட்டை ஃபேனை விட மாட்டேங்கிறான்." எழுந்தார். "அம்மா, அந்த ஃபேன்ல ஏதோ இருக்கு."

"ஃபேன்ல என்ன அண்ணே இருக்கும்? காத்துதான் இருக்கும்."

"இருபத்தாறு வருஷமா அதுக்குக் கீழ உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அதுல காத்தே வராது!"

அன்று மத்தியானமே மின்விசிறி கீழே இறங்கியது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இரும்புக் கடையில்கூட யோசிப்பார்கள் என்றார். அங்கமுத்து அவரை நம்பவில்லை. லாசரஸின் ஆளாக இருக்கலாம். மின்வேலைக்காரர் வந்து இறக்கைகளைத் தனித்தனியாகக் கழற்றினார். மோட்டாரைப் பிரித்தார். உள்ளே பழைய தூசியும் ஒரு செத்த பல்லியும் இருந்தன.

"ஒண்ணும் இல்ல அண்ணே" என்றார் மின்வேலைக்காரர்.

"அவ்வளவு நல்லா மறைச்சிருக்கான்" என்றார் அங்கமுத்து.

கடைக்குள் புழுங்கித் தள்ளியது. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்த குடும்பம் ஒன்று விலை கேட்பதற்குள் வியர்த்து வெளியேறியது. பேரம் பேசாமலே வாடிக்கையாளர் போவது இப்போது அங்கமுத்துவுக்கு வேறு விதமாக வலித்தது. ஆனாலும் அசையவில்லை. பிரித்துப்போட்ட மின்விசிறியை ஒரு அண்டாவுக்குள் போட்டு மூடி, அதன்மேல் தானே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்.

'ஃபேன் எனக்கே வேண்டும். மற்றதெல்லாம் அவனே எடுத்துக்கொள்ளட்டும்' என்று எழுதச் சொன்னார்.

யாமினி எழுத மறுத்தாள். எழுதினால் லாசரஸ் கட்டைவிரலைக் காட்டிவிடுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடக் கடைக்குப் பதில் ஒரு செத்த பல்லியை வாங்கிக் கொடுத்த வக்கீல் என்று சரித்திரத்தில் நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

*

விஷயம் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அங்கமுத்துவின் மனைவி பாப்பம்மாளுக்குப் பூவம்மா என்று ஒரு சிநேகிதி. அந்தப் பூவம்மா குடியிருப்பது லாசரஸ் இருக்கும் அதே அடுக்குமாடி புளோக்கில். அவளுக்குத் தெரியாமல் அந்த மின்தூக்கியில் ஒரு ஈகூட ஏற முடியாது.

"சனிக்கிழமை எங்க போனீங்க?" அங்கமுத்து நின்றுகொண்டே கேட்டார்.

யாமினி பொய் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் விடவில்லை.

"எதிராளி வீட்டுக்குப் போயி தே குடிச்சிருக்கீங்க. முறுக்குச் சாப்பிட்டிருக்கீங்க. ரெண்டு முறுக்கு!"

"அண்ணே, உட்காருங்க. சொல்றேன். அவர்கிட்ட பேரம் பேசச் சொல்லத்தான் போனேன். உங்களுக்காகத்தான்."

"என்னது?"

"நீங்க சண்டை இல்லாம ஒத்துக்க மாட்டேங்கிறீங்க. அதான், எதையாவது ஒண்ணை மறுக்கச் சொன்னேன். அவர் மேல பார்த்தார். ஃபேன் சுத்துச்சு. ஃபேன்னு சொல்லிட்டார். அவ்வளவுதான். அந்த ஃபேன்ல ஒண்ணுமே இல்ல."

அங்கமுத்து மெல்ல உட்கார்ந்தார். அண்டாவின்மேல் உட்கார்ந்து பழகியதால் நாற்காலியின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"அப்ப அவன் மறுத்தது அவன் மறுத்தது இல்ல" என்றார் நிதானமாக. "என் வக்கீல் சொல்லிக் கொடுத்து மறுத்தது."

அவர் அப்படிச் சொன்னபோது யாமினிக்கே தன் காரியம் எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. பக்கத்து மேசையில் நூருன்னிசா கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உங்க மேல சட்டச் சங்கத்துக்கு எழுதிப் போடப் போறேன்மா. வருத்தமாத்தான் இருக்கு. நல்லா எழுதுறவங்க நீங்க."

"அண்ணே, அவர் ஏன் எல்லாத்துக்கும் தலையாட்டுறார்னு எனக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. எனக்கும் அதே அரிப்புதான்! ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் உட்காருங்க. என் முன்னால கேளுங்க. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் எழுதுங்க."

அங்கமுத்து யோசித்தார். கோபத்தைவிடப் பெரிய ஒன்று அவரையும் உள்ளே பிறாண்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை" என்றார். "அவன் வாயாலயே வரணும். வரலன்னா திங்கக்கிழமை கம்ப்ளெயிண்ட் போகும்."

*

வெள்ளிக்கிழமை லாசரஸ் மனைவியோடு வந்தார். மதலேனா ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போவதுபோல் பட்டுப்புடவை கட்டி, மடியில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். தீபாவளிக்கு முன்னால் பிரிந்த இரு கூட்டாளிகளும் மேசையின் இரண்டு பக்கமும் அமர்ந்து, இரண்டு வேறு சுவர்களைப் பார்த்தார்கள்.

"இளைச்சுட்ட" என்றார் லாசரஸ், சுவரிடம்.

"ஃபேன் இல்ல" என்றார் அங்கமுத்து, அவருடைய சுவரிடம்.

யாமினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒரு வக்கீல் எதிராளியிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. கேட்டாள்.

"லாசரஸ் அண்ணே, எல்லாத்துக்கும் ஏன் சரி சரின்னு சொல்றீங்க?"

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். மதலேனா டப்பாவின் மூடியைப் பார்த்தாள்.

"சொல்றதுக்கு இல்லம்மா" என்றார்.

"பார்த்தீங்களா!" என்று எழுந்தார் அங்கமுத்து. "இருக்கு! ஏதோ இருக்கு! நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோர்ட்டுலயே பார்த்துக்கலாம்."

கோர்ட்டு என்றதும் லாசரஸின் முகம் மாறியது. அத்தனை வாரமும் மிதந்துகொண்டிருந்த மனிதர் முதல்முறையாகத் தரையில் கால் ஊன்றியதுபோல் இருந்தது. முழங்கையை மேசையில் வைத்தார். அந்த முழங்கையை அங்கமுத்துவுக்குத் தெரியும். எத்தனையோ கல்யாண வீட்டுக்காரர்களை அந்த முழங்கை மடக்கியிருக்கிறது.

"உட்காரு முத்து. எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு."

அங்கமுத்து உட்கார்ந்தார். காதுகள் விடைத்தன.

"கடை முழுக்க உன் பக்கம். வேன் உனக்கு. குடோன் எனக்கு. ஆனா கடையில என்னோட பாதி உன் பேருக்கு வராது."

"வேற யார் பேருக்கு?"

"உன் பையன் ஸ்ரீராம் பேருக்கு. நேரா அவன் பேருக்கு எழுதுவேன்."

யாமினியின் இரண்டு உள்ளங்காலும் ஒரே நேரத்தில் அரித்தன.

"என் பையன் பேருக்கா?" அங்கமுத்து கண்ணைச் சுருக்கினார். "அவன் பேங்க்ல கம்ப்யூட்டர் தட்டுறவன். அண்டாவுக்கும் குண்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவனுக்கு எதுக்கு?"

"அது என் இஷ்டம்."

"முடியாது. என் பேர்லதான் வரணும்."

"அப்ப வேற இடம் பாரு" என்று லாசரஸ் எழுந்தார்.

"போ. யாரு வேணாம்னா?"

லாசரஸ் போனார். நிஜமாகவே போனார். மதலேனா மட்டும் அசையவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கியது. யாமினி பதறிப்போய் எழுந்தாள். அங்கமுத்து கையைக் காட்டி அவளை அமர்த்தினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். செருப்புச் சத்தம் பாதிப் படியில் மெதுவானது. இன்னும் மெதுவானது. அவர் முகத்தில் ஒரு புன்னகை விரிந்தது. எத்தனை மாதமாகிறது இந்தச் சத்தத்தைக் கேட்டு!

"சரி, வாய்யா!" என்று கத்தினார். "பிளாஸ்டிக் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போறதா இருந்தா பேசலாம்!"

சத்தம் மேலே ஏறியது. "பாதி பிளாஸ்டிக்" என்றது படிக்கட்டிலிருந்தே.

"முழுசும்!"

"முகப்புல வைக்க மாட்டேன். பின்பக்கம் ஒரு ராக்கு கொடு."

"குளிக்கிற வாளி மட்டும். டப்பா கூடாது!"

"வாளியும் மக்கும்."

"மக்கு... சரி, தொலையட்டும். ஃபேன்?"

"ஃபேன் உனக்கே."

"மாட்டிக் கொடுக்கிற கூலி உன்னோடது!"

லாசரஸ் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். "கொள்ளைக்காரன்" என்றார். "உன்னை மாதிரி ஒருத்தன்கிட்ட மாட்டுனேன் பாரு."

அதைக் கேட்டதும் அங்கமுத்துவின் நெஞ்சு நிறைந்தது. பேனாவை அவராகவே எடுத்தார். யாமினி பத்திரத்தில் பெயரைத் திருத்தி நீட்டினாள். லாசரஸ் கையெழுத்துப் போட்டார். அங்கமுத்து போட்டார். நூருன்னிசா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். யாமினி நாற்காலியில் சாய்ந்தாள். திங்கட்கிழமை பிழைத்தது. பலகை பிழைத்தது. ஊறுகாய் விற்க வேண்டியதில்லை.

அங்கமுத்து அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"மடக்கிட்டேன் பார்த்தீங்களா? என் பையன் பேர்ல வந்தா என் பேர்ல வந்த மாதிரிதானே? மடையன், அது தெரியாமக் கண்டிஷன் போடுறான்."

"ஆமாண்ணே" என்றாள் யாமினி. கண் மட்டும் லாசரஸ் மேலேயே நின்றது. தோற்றுப்போன மனிதர் ஒருவர் இப்படியா பூரித்துப்போய் உட்கார்ந்திருப்பார்? கேட்காமல் விட்டால் இந்த ஜென்மத்துக்கு அரிப்பு நிற்காது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் மதலேனா எழுந்து வந்தாள். மை காய்ந்துவிட்டதா என்று பத்திரத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தகர டப்பாவைத் திறந்து அங்கமுத்துவின் முன்னால் நீட்டினாள்.

"சூஜி கேக். ரவையில ஜெனிவீவ் செஞ்சது. எடுத்துக்குங்க, சம்பந்தி."